ஸ்கிரீன் போச்சுன்னா உடனே ஃபார்மட் போடாதீங்க: டிஸ்ப்ளே செட்டிங்கால் சிஸ்டம் விழும்போது பார்க்க வேண்டியவை

வட சென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் சர்வீஸுக்கு வரும் சிபியு பெட்டிகளோடு ஒரு வசனமும் சேர்ந்தே வரும்: "அண்ணா, ஸ்கிரீன் போயிடுச்சு, ஃபார்மட் போட்டுக் குடுத்துடுங்க." இருட்டாகிப் போனது ஸ்கிரீன். அதற்கு ஏன் ஹார்ட் டிஸ்க்கைத் துடைக்க வேண்டும்? ஃபார்மட் போட்டால் சில நேரம் சரியாகிவிடுவது உண்மைதான், பழைய டிரைவரும் (கிராபிக்ஸ் கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) பழைய செட்டிங்கும் அதோடு போய்விடுகின்றன. ஆனால் அடுத்த வாரமே விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரைத் திரும்பக் கொண்டுவந்து போட்டதும் சிஸ்டம் பழையபடி விழும், நடுவில் போன டேலி பேக்கப்பும் கல்யாண பத்திரிகை டிசைன்களும் மட்டும் திரும்பி வராது.

அதனால் முதலில் ஒரே ஒரு கேள்வி. எப்போது விழுகிறது? செட்டிங் மாற்றிய உடனேயா, குறிப்பிட்ட ஒரு சாஃப்ட்வேரைத் திறந்தாலா, கேம் மாதிரி பாரமான வேலை கொடுத்தாலா, இல்லை நேரம் காலம் பார்க்காமல் எப்போது வேண்டுமானாலுமா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கீழே உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போய்விடுங்கள், எல்லாவற்றையும் வரிசையாகச் செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

"ஃபேன் ஓடுது, லைட் எரியுது, ஸ்கிரீன் மட்டும் இருட்டு"

ரெசல்யூஷனையோ ரெஃப்ரெஷ் ரேட்டையோ (வினாடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்ற அளவு) மாற்றிய கையோடு இது நடந்தால், எதையும் தொடாமல் 15 வினாடி சும்மா இருங்கள். புதிய செட்டிங்கை வைத்துக்கொள்ளலாமா என்று விண்டோஸ் கேட்கும், பதில் வராவிட்டால் தானே பழையதற்குத் திரும்பிவிடும். பதற்றத்தில் என்டரைத் தட்டுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மானிட்டரில் "அவுட் ஆஃப் ரேஞ்ச்" அல்லது "இன்புட் நாட் சப்போர்ட்டட்" என்று மிதந்தால் சந்தோஷப்படுங்கள். கிராபிக்ஸ் கார்டு உயிரோடு இருக்கிறது, சிக்னலும் வருகிறது, மானிட்டரால் தாங்க முடியாத அளவில் வருகிறது, அவ்வளவுதான்.

அது எதுவும் இல்லாமல் வெறும் இருட்டு என்றால், விண்டோஸ் கீயோடு கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து ஒருமுறை அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும், ஒரு பீப் சத்தத்தோடு ஸ்கிரீன் திரும்ப வரலாம். திறந்து வைத்திருக்கும் ஃபைல்கள் அப்படியே இருக்கும். அதிலும் வரவில்லையா, விண்டோஸ் கீயையும் பி-யையும் சேர்த்து அழுத்தி, ஒரு வினாடி இடைவெளி விட்டு மறுபடி அழுத்தி, என்டர் தட்டிப் பாருங்கள். இரண்டாவது ஸ்கிரீனில் மட்டும் காட்டு என்று யாரோ மாற்றி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சிசிடிவி காட்டும் டிவியையும் பில்லிங் மானிட்டரையும் ஒரே சிஸ்டத்தில் மாட்டியிருக்கும் கடைகளில் இது அடிக்கடி நடக்கிறது. டிவியை ஆஃப் செய்துவிட்டு மானிட்டர் ரிப்பேர் என்று நம்மைக் கூப்பிடுவார்கள்.

இவை எதுவும் பலிக்கவில்லை என்றால் குறைந்த ரெசல்யூஷனில் உள்ளே நுழைய வேண்டும். ஸ்கிரீனே தெரியாதபோது அந்த மெனுவுக்கு எப்படிப் போவது? சிஸ்டத்தை ஆன் செய்து, விண்டோஸ் லோகோ வரும் நேரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் விண்டோஸே ரிப்பேர் மெனுவுக்குக் கொண்டுபோய் விடும், அந்த மெனு எளிய ரெசல்யூஷனில் வருவதால் மானிட்டர் அதைக் காட்டிவிடும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பிறகு வரும் பட்டியலில் 3 குறைந்த ரெசல்யூஷன், 4 சேஃப் மோட் (அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் நிலை). இந்த வேலைக்கு 3 தான் சரி, அதில் நுழைந்து டிஸ்ப்ளே செட்டிங்கில் மானிட்டருக்கு ஏற்ற அளவை வைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் 11 லேப்டாப்பாக இருந்தால் நடுவில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீ கேட்கக்கூடும். எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்தீர்களோ அதில் அது சேமிக்கப்பட்டிருக்கும், அதை எடுத்து வைத்துக்கொண்டே ஆரம்பிப்பது நல்லது.

சரி, மானிட்டரால் தாங்க முடியாத அளவை விண்டோஸ் ஏன் பட்டியலில் காட்டியது? இங்கேதான் கேபிளைப் பார்க்க வேண்டும். மானிட்டர் தன்னால் என்னென்ன முடியும் என்பதை கேபிள் வழியாகத்தான் சிஸ்டத்துக்குச் சொல்கிறது. விஜிஏ கேபிளில் அந்தப் பேச்சு நடப்பது 12, 15 என்ற இரண்டு பின்களில். மலிவான கேபிள்களிலும் ஸ்ப்ளிட்டர்களிலும் அந்த வயர்களே இருக்காது, அல்லது பின் வளைந்து உள்ளே போயிருக்கும். மானிட்டர் ஊமையாகிவிட்டதால் விண்டோஸ் தானே யூகித்து ஒரு பட்டியல் போடுகிறது. அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் இருட்டு. ஸ்ப்ளிட்டரைக் கழற்றி, வேறு கேபிள் போட்டு நேராக மாட்டிப் பாருங்கள், பட்டியலே மாறிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொன்னால் சிரிப்பீர்கள். கிராபிக்ஸ் கார்டு போட்ட சிஸ்டத்தில் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் இருக்கும் ஓட்டையில் செருகிவிட்டு இருட்டு என்று அலைகிறவர்கள் நிறைய. பெட்டியின் பின்பக்கம் கீழே, குறுக்காக இருப்பதுதான் கார்டு.

"ஒரு செகண்ட் இருட்டாகி திரும்ப வருது"

ஸ்கிரீன் உறைகிறது, கறுப்பாகிறது, திரும்ப வருகிறது. கூடவே டிரைவர் பதில் தரவில்லை, மீண்டும் இயங்கத் தொடங்கிவிட்டது என்கிற மாதிரி ஒரு செய்தி வரலாம். நடப்பது இதுதான்: கார்டுக்குக் கொடுத்த வேலைக்கு 2 வினாடிக்குள் பதில் வராவிட்டால், அது செத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு விண்டோஸ் டிரைவரைத் தட்டி எழுப்புகிறது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. எழுந்துவிட்டால் இருட்டு, வெளிச்சம். எழவில்லை என்றால் ப்ளூ ஸ்கிரீன். விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் டிஸ்ப்ளே என்ற பெயரோடு 4101 என்ற எண் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் இதேதான்.

இந்த 2 வினாடியை விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 8, 10 என்று ஏற்றிவிடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. பெரிய ரெண்டரிங் வேலை செய்கிறவர்களுக்கு அது பயன்படும். மற்றவர்களுக்கு, 2 வினாடியில் விழுந்த சிஸ்டம் 10 வினாடி உறைந்து நின்று அப்புறம் விழும். கார்டு ஏன் தாமதிக்கிறது என்பதுதான் கேள்வி, அதற்குப் பொதுவாக மூன்று பதில்: ஓவர்கிளாக், சூடு, டிரைவர்.

ஓவர்கிளாக் என்றால் கார்டை அதன் இயல்பான வேகத்தைவிட அதிகமாக ஓட்டுவது, அதை நீங்கள் செய்யாமலேயே கம்பெனி செய்து விற்றிருக்கும். என்விடியா கார்டு என்றால் கண்ட்ரோல் பேனலில் ஹெல்ப் மெனுவுக்குள் டீபக் மோட் என்று ஒன்று உண்டு, அதை டிக் செய்தால் கார்டு ஓவர்கிளாக் இல்லாத சாதாரண வேகத்துக்கு இறங்கிவிடும். இறங்கியதும் பிரச்சினை நின்றால் குற்றவாளி பிடிபட்டுவிட்டார். விண்டோஸ் 10-இல் 2020-ஆம் ஆண்டு அப்டேட்டோடு வந்த ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங் என்ற செட்டிங்கையும் ஆஃப் செய்து ரீஸ்டார்ட் போட்டுப் பாருங்கள், செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போனால் கிடைக்கும். புது கார்டுகளில் நன்றாக ஓடும் விஷயம்தான், ஆனால் சில பழைய கார்டு, டிரைவர் ஜோடிகளில் ஒத்துவருவதில்லை.

சூடு என்றால், நம் பக்கம் அதற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளின் பில்லிங் சிஸ்டத்தைத் திறந்தால் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் முழுக்கப் பஞ்சு, மெத்தை தைக்கலாம். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமாக இருந்தால் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி. ஷீட் போட்ட மாடி ரூமில் மே மாத மதியம் கார்டு 85 டிகிரியைத் தாண்டிப் போய் நின்றால் அதைத் திட்டிப் பயனில்லை. ப்ளோயர் அடியுங்கள், அடிக்கும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய கார்டு என்றால் தெர்மல் பேஸ்ட் மாற்றுங்கள்.

"ப்ளூ ஸ்கிரீன் வந்து ரீஸ்டார்ட் ஆகுது"

முதல் வேலை, போனில் போட்டோ எடுங்கள். படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிறதென்றால் மேலே சொன்ன ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் பட்டியலில் 9-ஐ அழுத்துங்கள், தானாக ரீஸ்டார்ட் ஆவது நின்றுவிடும்.

"வீடியோ டிடிஆர்" என்று ஆரம்பிக்கும் வார்த்தைகள் இருந்தால், அல்லது பிழை எண் 116, 117, 119 என்று முடிந்தால், கிராபிக்ஸ் பக்கம்தான். கீழே ஒரு ஃபைல் பெயரும் இருக்கலாம். என்.வி. என்று தொடங்கினால் என்விடியா, ஏ.டி.ஐ. அல்லது ஏ.எம்.டி. என்றால் ஏஎம்டி, ஐ.ஜி.டி. என்றால் பிராசசரோடு வரும் இன்டெல் கிராபிக்ஸ். இதைப் பார்க்காமல் ராமை மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

சமீபத்தில் டிரைவர் அப்டேட் ஆனதா? டிவைஸ் மேனேஜர், டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், கார்டின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர், ரோல் பேக். அந்தப் பட்டன் மங்கிக் கிடந்தால் திரும்பிப் போக பழைய டிரைவர் இல்லை என்று அர்த்தம், அப்போது சுத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

சுத்தமாக எடுப்பது என்றால் கண்ட்ரோல் பேனலில் அன்இன்ஸ்டால் கொடுப்பது மட்டும் போதாது, மிச்சம் மீதி தங்கும். டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, டிடியு என்று சொல்வார்கள். அதையும், உங்கள் கார்டுக்கான டிரைவரையும் முதலில் டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நெட்டைத் துண்டியுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டிரைவர் இல்லாத கார்டைப் பார்த்ததும் விண்டோஸ் அப்டேட் ஓடிவந்து தனக்குப் பிடித்த ஒன்றைப் போட்டுவிடும், நீங்கள் எடுத்ததே அதுவாகவும் இருக்கலாம். சேஃப் மோடில் டிடியு ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, கையிலிருக்கும் டிரைவரைப் போட்டு, மறுபடி ஒரு ரீஸ்டார்ட் கொடுத்த பிறகு நெட்டை மாட்டுங்கள்.

எந்த டிரைவர்? புதியதுதான் நல்லது என்பது எப்போதும் உண்மை இல்லை. ஃப்ளெக்ஸ் கடைகளிலும் டிடிபி சென்டர்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஜிடி 710, ஜிடி 730 கார்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கெப்ளர் சிப் உள்ளவற்றுக்கு என்விடியாவின் 470 வரிசைதான் கடைசி. ஜிடி 730 என்ற அதே பெயரில் ஃபெர்மி சிப் போட்டும் ஒரு கார்டு வந்தது, அதற்கு 391.35-தான் கடைசி. அட்டைப் பெட்டியில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், உள்ளே வேறு ஆள். ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளில் சிப் பெயரைப் பார்த்துவிட்டு டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். அதே மென்பொருள் போலிக் கார்டையும் காட்டிக்கொடுக்கும். பழைய சிப்பில் பயாஸை (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்பவை உண்டு, பெயருக்கு முன்னால் ஃபேக் என்று வந்தால் டிரைவரோடு சண்டை போட்டுப் பயனில்லை, வாங்கின இடத்தில் போய்ப் பேசுங்கள்.

லேப்டாப் என்றால் முதலில் லேப்டாப் கம்பெனி தரும் டிரைவர், அது சரிப்படவில்லை என்றால்தான் சிப் கம்பெனியுடையது.

"ஒரே ஒரு சாஃப்ட்வேர்தான் க்ளோஸ் ஆகுது"

ஃபோட்டோஷாப் மட்டும் மூடிக்கொள்கிறது, மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் விண்டோஸைத் தொடாதீர்கள். ப்ரிஃபரன்ஸஸ், பெர்ஃபார்மன்ஸ் போய் யூஸ் கிராபிக்ஸ் பிராசசர் என்ற டிக்கை எடுங்கள். திறக்கவே மாட்டேன் என்கிறதா, திறக்கும்போதே கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டிருங்கள், செட்டிங்கை அழிக்கலாமா என்று கேட்கும். கோரல்டிரா என்றால் திறக்கும்போது எஃப்8. உங்கள் டூல்பார் அமைப்பெல்லாம் பழையபடி ஆகிவிடும், அதற்குத் தயாராக இருங்கள்.

குரோமில் வீடியோ ஓட்டினால் மட்டும் உறைகிறதா? செட்டிங்ஸ், சிஸ்டம், கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் ஆஃப். பழைய கார்டில் இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

ஒரு கேம் மட்டும் திறந்த உடனே இருட்டாகிறதென்றால், அந்த கேம் தன் செட்டிங் ஃபைலில் உங்கள் மானிட்டருக்கு ஒவ்வாத ரெசல்யூஷனை எழுதி வைத்திருக்கும். பெரும்பாலும் டாக்குமென்ட்ஸ் அல்லது ஆப்டேட்டா ஃபோல்டரில் அந்த ஃபைல் கிடக்கும், வேறு பெயர் கொடுத்து வைத்துவிட்டு கேமைத் திறந்தால் புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும்.

"கேம் போட்டா பொட்டுனு ஆஃப் ஆகுது"

ப்ளூ ஸ்கிரீன் இல்லை, எச்சரிக்கை இல்லை, அணைந்துவிடுகிறது. இதை செட்டிங் தகராறு என்று கொண்டுவருவார்கள், ஹை-யில் வைத்தால் விழுகிறது, லோ-வில் ஓடுகிறது என்பார்கள். பார்க்க செட்டிங் போலத்தான் இருக்கும், விஷயம் கரன்ட்.

மதர்போர்டு ஸ்லாட் ஒரு கார்டுக்குக் கொடுப்பது 75 வாட். ஆறு பின் கேபிள் இன்னொரு 75, எட்டு பின் என்றால் 150. ஜிடிஎக்ஸ் 1650 வகையில் பல கார்டுகள் ஸ்லாட்டிலேயே பிழைத்துக்கொள்ளும். ஆர்எக்ஸ் 580-க்கு 185 வாட் வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கிராபிக்ஸ் கார்டு மைனிங்கைக் கைவிட்ட பிறகு இந்த கார்டுகள் செகண்ட் ஹேண்டில் மலிவாக வந்து குவிந்தன. வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் பசங்க ஆசையாக வாங்கி, பழைய 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் (சிபியு பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை) மாட்டுவார்கள். அந்த 450 எங்கே இருக்கிறது? ஸ்டிக்கரில். அதே ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், 16 என்று இருந்தால் 12-ஆல் பெருக்குங்கள், 192 வாட். கார்டுக்கும் பிராசசருக்கும் சேர்த்து அவ்வளவுதான்.

கேமில் வினாடிக்கு 60 ஃபிரேம்களுக்கு மேல் போகாமல் கட்டிப்போட்டு ஓட்டுங்கள். அப்போது விழாமல் ஓடினால் பவர் அல்லது சூடு, டிரைவரை நோண்ட வேண்டாம். யுபிஎஸ்ஸையும் ஒருமுறை ஓரங்கட்டி நேரடி லைனில் ஓட்டிப் பாருங்கள், சாதாரண 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட், பேட்டரி பழசானால் சாயந்திரம் வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் அதுவே கீச்சென்று கத்திவிட்டுக் கைவிடும். ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று இருந்தால், அது சிஸ்டம் முறையாக அணையவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. காரணம் அதில் இருக்காது. அந்த எண்ணை நெட்டில் தேடி ராத்திரியைக் கழிக்காதீர்கள்.

"கோடு கோடா, புள்ளி புள்ளியா வருது"

ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். படத்திலும் கோடு இருந்தால் கார்டு அல்லது டிரைவர். படம் சுத்தமாக இருந்தால் கேபிள் அல்லது மானிட்டர். அடுத்து, ரீஸ்டார்ட் செய்து மதர்போர்டின் பயாஸ் செட்டிங் திரைக்குள் போங்கள். விண்டோஸே வராத அந்த இடத்திலும் கோடு இருந்தால் எந்த செட்டிங்கும் உதவாது.

ஆனால் உடனே புது கார்டு வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்ப வேண்டாம். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் முதலில் கார்டைக் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்று கார்டின் தங்க நிறப் பற்களில் மங்கலாகப் படிந்திருக்கும். பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி மிச்ச கரன்ட்டை இறக்கிவிட்டு, ஐசோபுரப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். பென்சில் ரப்பரால் தேய்ப்பதும் நடைமுறையில் உண்டு, அழுத்தித் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும். நன்றாகக் காய்ந்ததும் க்ளிக் சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். அதற்குப் பிறகும் கோடு வந்தால் கார்டு போய்விட்டது என்று முடிவு செய்யலாம். பிராசசரில் கிராபிக்ஸ் இருந்தால் புது கார்டு வரும்வரை மதர்போர்டு ஓட்டையிலேயே வேலையை ஓட்டலாம்.

"எக்ஸ்பி சிஸ்டம்தான், மாத்த முடியாது"

எடை மேடையிலும் பழைய பில்லிங் கவுன்ட்டர்களிலும் இவை இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன. மவுஸை நகர்த்தினாலோ விண்டோவை இழுத்தாலோ உறைந்தால், டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, டிரபிள்ஷூட். ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் என்று ஒரு ஸ்லைடர் இருக்கும், அதை வலக்கோடியிலிருந்து இடப்பக்கம் ஒரு படி தள்ளி அரை நாள் ஓட்டுங்கள், விழுந்தால் இன்னொரு படி. இடக்கோடி வரை தள்ளினாலும் பில் அடிக்கும் வேகத்தில் வித்தியாசம் தெரியாது. நெட் கனெக்ஷன் மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள்.